பென்சிலின் ஒத்துக்காது என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரிடமும் கேட்கிறோம்: "ஏதாவது மருந்து அலர்ஜி இருக்கா?" "பென்சிலின் ஒத்துக்காதுங்க" என்று பதில் வந்தால் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஏறிவிடும். என்ன ஆச்சு என்று தோண்டினால் பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. ஞாபகம் உள்ளவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை. காலேஜ் நாளில் காய்ச்சல், தொண்டை வலி. தெருமுனை மெடிக்கலில், பென்சிலின் வகையான அமாக்சிசிலின் வாங்கிப் போட்டார்கள். நாலைந்து நாள் கழித்து மார்பு, முதுகெல்லாம் செந்தடிப்பு. மூச்சு முட்டவில்லை, உதடு வீங்கவில்லை. ஒரு வாரத்தில் தானாக மறைந்தது. ஆனால் 'மருந்து சேரவில்லை' என்று அன்று வீட்டில் சொன்னது இன்றுவரை அழியவில்லை.

அந்தத் தடிப்பு வைரஸால் வந்ததாகவே இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் விடும் சமயத்தில் உடம்பு சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள் தெரியும். சிக்குன்குனியா, தட்டம்மை, ரூபெல்லா எல்லாவற்றிலும் தடிப்பு உண்டு. இதில் எதற்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பது தனி வருத்தம். இன்னொரு வைரஸ் இருக்கிறது, எப்ஸ்டைன்-பார் என்று பெயர். கழுத்தில் நெறி கட்டும், டான்சில் வீங்கி வெள்ளை படியும், பார்த்தால் பாக்டீரியா தொற்று போலவே இருக்கும். அந்தக் காய்ச்சலில் ஆம்பிசிலினோ அமாக்சிசிலினோ கொடுத்தால் சிலருக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு கிளம்புகிறது. வைரஸும் மருந்தும் சேர்ந்த நேரத்துக் கோளாறு அது. அவர்களில் பெரும்பாலோரால் பின்னாளில் அதே மருந்தைச் சிக்கலின்றிச் சாப்பிட முடிகிறது.

அமெரிக்காவில் பத்துப் பேரில் ஒருவர் தனக்குப் பென்சிலின் அலர்ஜி என்கிறார். முறையாகச் சோதித்தால் அவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் அலர்ஜியே இல்லை. உண்மையான அலர்ஜி உள்ளவர்களிலும், மருந்து பட்ட உடனே வரும் வகை என்றால், 100-க்கு 80 பேருக்குப் பத்து வருஷத்தில் அது விட்டுப்போகிறது.

வேறு மருந்து கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் இடிக்கிறது. மாற்று மருந்துகள் பலவற்றின் வீச்சு பெரிது, வயிற்றைக் கெடுக்கும், விலையும் கூட. பென்சிலின் அலர்ஜி என்று பதிவானவர்களுக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வழக்கமாகப் போடும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து வேறொன்றைப் போட்டதே அதற்குக் காரணம். முடக்குக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் 21 நாளுக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில் போட்டுக்கொள்வது பென்சிலின் ஊசிதான். கர்ப்பிணிக்குச் சிபிலிஸ் இருந்தால், வயிற்றுப் பிள்ளையைக் காக்க அதை விட்டால் நம்பகமான மருந்து கிடையாது.

ஆகவே, கேட்டுக்கொள்கிறோம்: பழைய கதையை முழுசாக எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த மாத்திரை, எத்தனையாவது வேளையில் தடிப்பு வந்தது, மூச்சுத் திணறியதா, அட்மிட் ஆனீர்களா என்று அம்மாவிடமோ அக்காவிடமோ விசாரியுங்கள். பழைய சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கையில் டெஸ்ட் டோஸ் ஊசி போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து, 'தடித்துவிட்டது' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் வாருங்கள். சரியாகக் கரைக்காத மருந்து யார் தோலையும் உறுத்தும்.

ஆபத்துக் குறைவு என்று தெரிந்தால், டாக்டர் கண்ணெதிரே ஒரு வேளை மருந்தை விழுங்கி, ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடாவில் நடந்து 2023-ல் வெளியான 'பேலஸ்' ஆய்வு இப்படிப்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தது. நேரடியாக மருந்து கொடுத்த குழுவிலும், முதலில் தோலில் சோதித்த குழுவிலும் உடனடி அலர்ஜி வந்தது தலா ஒருவருக்குத்தான். இரண்டு குழுவும் சேர்ந்து ஏறக்குறைய 380 பேர்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டாம். மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் முகம் வீங்கியவர்கள், மூச்சு இளைத்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள் அலர்ஜி நிபுணரிடம்தான் போக வேண்டும். தோல் கொப்பளித்து உரிந்தவர்கள், வாயும் கண்ணும் புண்ணானவர்கள் அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. அவர்களுக்குச் சிவப்பு மை அப்படியே இருக்கட்டும்.

மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைச் சீட்டில்லாமல் நான்கு நான்காகக் கிழித்துக் கொடுக்காதீர்கள். எங்கள் சக டாக்டர்களே, 'அலர்ஜி' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் மருந்தின் பெயர், தேதி, என்ன வந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். தடிப்பு இருக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேதி குறித்தவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், வால்வுக்கு ஊசி போட வேண்டியவர்கள் முதலில் வாருங்கள். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது சோதித்துப் பார்க்க எங்களுக்கு அவகாசம் இருக்காது.