தண்ணீருக்கு வழி எங்கே?

மூணாற்றுக்கு உல்லாசப் பயணம் போய்வந்த நண்பர்கள் நம் மன்றத்தில் பலர். படங்களைக் காட்டுகிறார்கள், "என்ன அழகான ஊர்!" என்கிறார்கள். அழகான ஊர்தான், மறுப்பாரில்லை. ஆனால் தாங்கள் தங்கிய விடுதியில் குளித்த நீர் எங்கே போயிற்று என்று அவர்களில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சித்திரபுரத்துக்காரன். விடுதிகளுக்குக் கீழே குடியிருப்பவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சித்திரபுரம் மூணாற்றிலிருந்து சில கல் தொலைவில், பள்ளிவாசல் ஊராட்சியிலுள்ள சிற்றூர். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைக் கூலியாக மலையேறியவர். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரால் ஊர் அமைந்தது என்பர். இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கிற்று. முதிரப்புழை ஆற்றை மூணாற்றில் தடுத்து, மலையைக் குடைந்து நீரைக் கொணர்ந்து, பெருங்குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நீர் எங்கே புறப்பட்டு எங்கே சேரும் என்று கணக்கிட்டுச் செய்த வேலை அது. அதே மலையில் இன்று எழும் மாடிக் கட்டடங்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமாம்!

கணக்கு கடினமானதன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். தென்மேற்குப் பருவத்தில் எங்கள் மலைக்கு இது அதிசய மழையன்று. காட்டு மண்ணாயிருந்தால் இதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் ஊற்றாக மெல்ல மெல்ல விடும். சிமெண்டுத் தளம் உறிஞ்சுமா? அத்தனையும் அப்பொழுதே கீழே பாயும். அதோடு நின்றதா? பாதைக்காகச் சரிவை நெட்டுக்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளுகிறார்கள். வழியிழந்த நீர் மண்ணுக்குள் புகுந்து, பாறைமேல் கிடக்கும் மண்ணடுக்கை ஊறவைத்து நழுவச் செய்கிறது. 2018 ஆகஸ்டில் பள்ளிவாசலில் மண்ணும் பாறையும் சரிந்து, விடுதியில் அகப்பட்ட வெளிநாட்டுப் பயணிகளை இராணுவத்தார் வந்து மீட்க வேண்டியிருந்தது.

"2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்ததே, அங்கே விடுதி ஏது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே இருந்தவை தோட்டத் தொழிலாளரின் லயங்கள். மாண்டவர் 70 பேர். நம் தமிழ்க் குடும்பங்கள். மனிதன் மாடி கட்டாத இடத்திலேயே இந்த மலை சரியும் என்றால், கட்டுகிற இடத்தில் எத்தனை மடங்கு எச்சரிக்கை வேண்டும்!

மழைநீராவது பருவத்தோடு போகும். கழிவுநீர் ஆண்டு முழுவதும் இறங்குகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத சரிவில் ஒவ்வொரு விடுதியும் செப்டிக் டாங்கியை நம்பி நிற்கிறது. பத்துப் பேர் வீட்டுக்குப் போதுமான தொட்டி, நூறு பேர் வந்து தங்கும் விடுதிக்குப் போதுமா? நிரம்பி வழிவது மெல்லிய மண்ணில் தங்காமல், சற்றுக் கீழே ஊற்றாக வெளிப்படும். அந்த ஊற்றில் குழாய் போட்டுக் குடிப்பவர்கள் நாங்கள். கொதிக்கவைக்காத நீரை என் தாயார் இப்பொழுதெல்லாம் யாருக்கும் கொடுப்பதில்லை.

விடுதிகளால் பிழைப்பு வந்ததே என்பார்கள். உண்மை. எங்கள் தெரு இளைஞர்கள் ஜீப்பு ஓட்டுகிறார்கள். விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறார்கள். கொழுந்து பறிப்பதைவிட இது மேல் என்று என் அண்ணனே சொல்கிறார். கட்டடமே கூடாது என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

2007-இல் அச்சுதானந்தன் முதலமைச்சராயிருந்தபோது மூணாற்றில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தார்கள். நாடே பேசிற்று. பேச்செல்லாம் பட்டாவைப் பற்றி; நிலம் யாருடையது என்பதைப் பற்றி. பட்டா செல்லும் என்றால் சாக்கடை நேராகிவிடுமா? செல்லாத பட்டாவில் கட்டியவனின் கழிவும், செல்லும் பட்டாவில் கட்டியவனின் கழிவும் ஒரே ஓடையில்தான் கலக்கின்றன.

அனுமதி கொடுப்போர் மனையின் எல்லைக்குள் பார்க்கிறார்கள். நீருக்கு எல்லைக்கல் தெரியாது. ஆகவே மனை வாரியாகப் பார்ப்பதை விட்டு ஓடை வாரியாகப் பார்க்க வேண்டும். ஒரு சரிவில் உள்ள கூரைகள் அனைத்தும் சேர்ந்து எவ்வளவு நீரை இறக்கும்? சாலைக்கடியில் இருக்கும் சிறு பாலம் அதைத் தாங்குமா? தாங்காதெனில் கூரைநீரைத் தேக்கத் தொட்டி கட்டு. கழிவைச் சுத்தம் செய்த சோதனை முடிவைக் கிராம சபையில் வை. பிறகு மாடி எழுப்பு. லயத்தில் இருப்பவருக்கு அந்த வீடு சொந்தமன்று, வேலை முடிந்தால் வெளியேற வேண்டியவர். சொந்தமில்லாதவன் குரல் சபையில் எடுபடுவதில்லை. எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எடுபடலாம்.

வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். வேதியியலில் ஒருவரும் பொறியியலில் ஒருவரும் உடன் வந்தால், விடுதிகளுக்கு மேலேயும் கீழேயும் ஓடைநீரை எடுத்துச் சோதிக்கலாம். தங்க எங்கள் வீடு இருக்கிறது. கம்பளி மட்டும் கொண்டுவாருங்கள்.