ஓசை எழுப்பாத இசைக்கலைஞர்

கண்டக்டர் என்றதும் நம்மில் பலருக்குத் தோல்பையும் விசிலுமாகப் பஸ்ஸில் வருபவர்தான் நினைவுக்கு வருவார். சென்ற வாரம் விடுதியில் நான் ஒரு சிம்பொனி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த அறைத்தோழன் கேட்டான்: "நூறு பேர் வாசிக்கிறாங்க. இந்த ஆள் மட்டும் ஒண்ணுமே வாசிக்காம குச்சியை ஆட்டிக்கிட்டு நிக்கிறார். கடைசியில எல்லாரும் இவருக்குத்தான் கை தட்றாங்க. இது என்னடா நியாயம்?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வீடியோவில் இருந்தவர் ஜுபின் மேத்தா. 1936ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். மகனை டாக்டராக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை (எந்த வீட்டில்தான் இல்லை!). அவரும் அதற்கான படிப்பில் சேர்ந்தார். ஆனால் பாதியிலேயே விட்டுவிட்டு, 1954ல் தன் 18வது வயதில் வியன்னாவுக்கு இசை படிக்கப் போய்விட்டார். அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் இசை நடத்தும் கலையைக் கற்றார். 1958ல் லிவர்பூலில் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்றார். அதன் பிறகு எல்லாமே வேகம்தான். மாண்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ், பிறகு 13 ஆண்டுகள் நியூயார்க். இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக்கோடு 1961ல் ஆரம்பித்த உறவு 2019 வரை நீண்டது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருவோம். இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

ஆர்க்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல்காரர் முன்னால் இருப்பது புல்லாங்குழலுக்கான தாள் மட்டும். டிரம்பெட்காரருக்கு டிரம்பெட் தாள் மட்டும். எல்லோருடைய பகுதியும் ஒன்றாக எழுதப்பட்ட முழுப் பிரதி நடத்துனரிடம்தான் இருக்கும். வலது கை பெரும்பாலும் தாளத்தைக் காட்டும். இடது கை யார் எப்போது நுழைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும், எங்கே பொங்க வேண்டும் என்று சொல்லும். ஆனால் நாம் மேடையில் பார்ப்பது பரீட்சை ஹால் மாதிரி. படித்ததெல்லாம் அதற்கு முன்பு ஒத்திகையில் நடந்து முடிந்திருக்கும். ஒரே பீத்தோவன் சிம்பொனி ஒருவர் கையில் சில நிமிடங்கள் சீக்கிரம் முடியும், இன்னொருவர் கையில் நின்று நிதானித்துப் போகும். எழுத்து ஒன்றுதான், முடிவுகள் வேறு.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மேடையில் ஓசையே எழுப்பாத ஒரே இசைக்கலைஞர் நடத்துனர்தான். விரலின் லாவகமோ குரலின் இனிமையோ அவர் காட்டுவதற்கு இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் முடிவுகள் மட்டுமே. எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் என்பது சின்ன முடிவு. எதை வாசிப்பது, எங்கே வாசிப்பது, யாருக்காக வாசிப்பது என்பது பெரிய முடிவு. ஒரு நடத்துனரின் வாழ்க்கையை எடைபோட வேண்டுமென்றால் இந்தப் பெரிய முடிவுகளை வைத்துத்தான் போட வேண்டும் என்பது என் கருத்து.

மேத்தாவின் வாழ்க்கையில் இதற்கு உதாரணங்கள் நிறைய. 1956ல் ஹங்கேரியில் புரட்சி நசுக்கப்பட்டு மக்கள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தார்கள். அப்போது மேத்தா மாணவர், வயது 20. ஏழே நாளில் மாணவர்களைச் சேர்த்து ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கி, வியன்னாவுக்கு வெளியே இருந்த அகதி முகாமுக்குப் போய்க் கச்சேரி நடத்தினார். ஒரு கல்லூரி விழாவுக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தும் சொதப்பும் எங்களை நினைத்துக்கொண்டேன் :)

1994ல் சரயேவோ முற்றுகையில் இருந்தது. அந்த நகரத்தின் தேசிய நூலகம் 1992ல் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே, சரயேவோவின் சொந்த இசைக்கலைஞர்களை வைத்தே மோட்சார்ட்டின் இரங்கல் இசையான ரெக்வியத்தை மேத்தா நடத்தினார். 1999ல் ஜெர்மனியின் வைமார் நகரில், புகென்வால்ட் வதைமுகாம் இருந்த இடத்துக்கு அருகே, பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவையும் இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக்கையும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வாசித்தது மாலரின் 'உயிர்த்தெழுதல்' சிம்பொனி. ஜெர்மானியர் ஒருவரும் இஸ்ரேலியர் ஒருவரும் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து வாசிக்கும்போது அங்கே பேச்சாளர் எவரும் தேவையில்லை. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சுனாமியின் முதலாண்டு நினைவாக, 2005 டிசம்பர் 26 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் அதே பவேரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் கச்சேரி நடத்தினார். சென்னையில் அதுதான் அவருடைய முதல் கச்சேரி.

இதோடு நிறுத்தினால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். முடிவுகளை வைத்து எடைபோட வேண்டும் என்று சொன்னவன், தவறான முடிவுகளையும் பேசத்தானே வேண்டும்?

முதலாவது, 1981 டெல் அவிவ். நாஜிகள் தங்கள் அடையாளமாகத் தூக்கிப்பிடித்த, தானே யூத வெறுப்பை எழுதிய வாக்னரின் இசையை இஸ்ரேல் ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிப்பதில்லை என்பது அங்கே வழக்கம். மேத்தா ஒரு கச்சேரியின் முடிவில் வாக்னரை வாசிக்கப் போவதாகவும், விரும்பாதவர்கள் வெளியே போகலாம் என்றும் அறிவித்துவிட்டு வாசித்தார். அரங்கில் பணிபுரிந்த ஒருவர், வதைமுகாம் காலத்தில் இருந்து தப்பிப் பிழைத்தவர், முன்னால் வந்து தன் உடம்பில் இருந்த தழும்புகளைக் காட்டினார். இசைக்கு ஜாதி மதம் கிடையாது, நல்ல இசையைத் தடை செய்யக் கூடாது என்பது மேத்தா தரப்பு வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவர் எழுந்து போகலாம், அங்கே வேலை பார்ப்பவர் எங்கே போவார்? வெளியே போகும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருப்பதில்லை. தழும்பு உள்ளவர் சம்மதிக்கும் வரை காத்திருப்பதால் வாக்னருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது, 2013 செப்டம்பர் 7, ஸ்ரீநகர். தால் ஏரிக்கரையில் உள்ள ஷாலிமார் தோட்டத்தில் ஜெர்மன் தூதரகத்தின் ஏற்பாட்டில் மேத்தாவின் கச்சேரி. காஷ்மீர் இசைக்கலைஞர்களும் அதில் சேர்ந்து வாசித்தார்கள். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. வழியெங்கும் பாதுகாப்புப் படை. காஷ்மீரில் எல்லாம் சுமுகமாக இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டவே இந்த ஏற்பாடு என்று பலர் எதிர்த்தார்கள். கடையடைப்பு நடந்தது. நகரின் இன்னொரு பக்கம் எதிர்ப்பாளர்கள் போட்டிக் கச்சேரி நடத்தினார்கள். அதே நாளில் சோபியானில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அடுத்த முறை எல்லோரும் வரும்படி ஒரு மைதானத்தில் வாசிக்க வேண்டும் என்று மேத்தாவே சொன்னார். அதாவது, குறை எங்கே என்று அவருக்கே தெரிந்திருந்தது.

இப்போது நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹங்கேரி அகதிகளிடம் அவரே தேடிப் போனார். சரயேவோவில் அந்த ஊர்க்காரர்களோடு நின்றார். ஸ்ரீநகரில் ஊர் வேலிக்கு வெளியே நின்றது. டெல் அவிவில் வலி இருந்தவருக்கு வாசல் காட்டப்பட்டது. நான்கிலும் கைத்திறமை ஒன்றுதான், குச்சியும் ஒன்றுதான். மாறியது 'யாருக்காக' என்ற கேள்விக்கான பதில் மட்டுமே.

"கலைஞனுக்கு அரசியல் எதற்கு, வாசித்துவிட்டுப் போகட்டுமே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே அரசியல் வந்துவிடுகிறது. அதை நடத்துனர் கவனிக்காவிட்டால் வேறு யாராவது கவனித்துக்கொள்வார்கள். மேத்தாவுக்கும் இது புரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். இஸ்ரேலில் நாசரேத், ஷஃபாராம் போன்ற ஊர்களில் அரபு பிள்ளைகள் இசை படிக்க 2009ல் ஒரு திட்டம் தொடங்கக் காரணமாக இருந்தார். பார்வையாளராகக்கூட வர முடியாதவர்களை வாசிப்பவர்களாக்கும் முயற்சி அது. அவர் செய்ததில் எனக்கு அதிகம் பிடித்தது, விருதுகளை விட, அதுதான்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பஸ் கண்டக்டர் மாதிரிதான்னு சொல்லு. வண்டியை அவர் ஓட்டல. ஆனா யாரை ஏத்தறது, யாரை விட்டுட்டுப் போறதுங்கறது அவர் விசில்லதான் இருக்கு" என்றான்.

இரண்டு பக்கம் எழுதியும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை!