விதி எழுதுவது யார்?

நம் பாமர ஜனங்களை, எது நேர்ந்தாலும் "எல்லாம் விதி" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும்படி பழக்கி வைத்திருக்கிறார்கள். பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் விதியைப் பற்றி நாம் வேண்டிய மட்டும் பேசியாய்விட்டது. இன்று பேசப் போவது சர்க்கார் ஆபீசில் எழுதப்படும் விதியைப் பற்றியாகும். பிரமன் எழுத்தை ஒருவரும் கண்டதில்லை. சர்க்கார் விதியோ கெஜட்டில் அச்சாகிறது. ஆயினும் பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடியானவரையோ, வில்லியனூர்க் கடைத்தெரு வியாபாரியையோ கேட்டால், நமக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார்.

சட்டசபையார் சட்டத்தின் எலும்பை மட்டும் செய்துவிட்டு, கட்டணம் எவ்வளவு, லைசென்சு யாருக்கு, மனு எந்தப் பாரத்தில் என்பவற்றையெல்லாம் "சர்க்கார் விதிகள் செய்துகொள்ளலாம்" என்று ஒரு பிரிவில் எழுதி ஒப்படைத்து விடுகிறார்கள். இது முழுதும் தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. சில்லறை விஷயங்களையெல்லாம் சபையே எழுதுவதென்றால் வருஷம் முழுவதும் போதாது. ஆனால் கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தவன் கணக்கைப் பார்க்க வேண்டாமா என்பதே நமது கேள்வி.

சாவியை அடுத்த வீட்டானிடமே கொடுத்த கதையும் நம் புதுச்சேரியில் நடந்ததுண்டு. 1965இல் புதுச்சேரி சட்டசபை விற்பனை வரிச் சட்டம் ஒன்று செய்தது. எப்படிச் செய்தது? சென்னை ராஜ்யத்தின் 1959ஆம் வருஷத்துச் சட்டம், நம் சட்டம் அமலுக்கு வரும் நாளுக்கு முன்பு எந்த ரூபத்தில் இருக்கிறதோ அந்த ரூபத்தில் நமக்கும் செல்லும் என்றது. அந்த நாளைக் குறிக்கும் வேலையையும் சர்க்காருக்கே விட்டது. சர்க்கார் 1966 மார்ச் 1இல் அறிக்கையிட்டு, ஏப்ரல் 1 முதல் அமல் என்றது. இடையில் சென்னைச் சபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே புதுச்சேரிப் பிரதிநிதிகள் கண்ணால் பார்த்திராத திருத்தங்கள் புதுச்சேரியார் தலையில் வந்து விழுந்தன. ஷாமா ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1967இல் இந்தச் சட்டம் செத்துப் பிறந்த பிள்ளை என்று தள்ளிற்று. வழக்கு நடக்கையில் சபை அவசரமாகக் கொண்டுவந்த திருத்தச் சட்டமும் பிணத்துக்கு உயிர் கொடுக்கவில்லை. பின்னர்ப் புதிதாக ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. கோர்ட்டுக்குப் போக ஒருவர் இருந்ததால் இவ்வளவு வெளிவந்தது.

நிற்க. விதிகளைச் சபையின் மேஜை மேல் வைக்க வேண்டும் என்று சட்டங்களில் எழுதப்படுகிறது. பார்லிமெண்டில் இதற்கு 30 நாள் கணக்கு உண்டு. அதற்குள் சபை திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அதற்குமுன் நடந்தது நடந்ததுதான். இந்த மாதிரி வைக்கத் தவறினால் விதி செல்லாதா என்றால், அதனால் மட்டும் செல்லாமல் போகாது என்று அட்லஸ் சைக்கிள் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. படையல் வைக்கிறவர், சாமி சாப்பிடாது என்பது தெரிந்தேதான் வைக்கிறார். மேஜைப் படையலும் அவ்விதமே. விதிகளைப் பரிசீலிக்க லோக்சபை 1953லேயே ஒரு கமிட்டி வைத்தது, நல்ல காரியந்தான். ஆனால் கமிட்டி அறிக்கையைச் சபையில் யாரும் எடுத்துப் பேசாவிட்டால் அதுவும் மேஜை மேல்தான் கிடக்கும்.

கிராமங்களின் நிலைமையோ இன்னும் மோசம். வில்லியனூரும் பாகூரும் 1880ஆம் வருஷத்துப் பிரெஞ்சு உத்தரவு முதல் கொம்யூன்கள். சுதந்திரம் வந்த பிறகு என்ன கண்டோம்? 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான், அதாவது 38 வருஷம் கழித்து நடந்தது. அவர்கள் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேலாகியும் தேர்தல் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் 1973 முதல் புத்தகத்தில் இருக்கிறது. அதிகாரம் செலுத்துவதோ உத்தியோகஸ்தர்கள். விதி எழுதுபவரும் உத்தியோகஸ்தர், அமல் நடத்துபவரும் உத்தியோகஸ்தர், புகார் கேட்பவரும் அவரே என்றால் குடியானவருக்குப் பிரமனே மேல் என்று தோன்றாதா?

ஒவ்வொரு விதியையும் தமிழில் கொம்யூன் ஆபீசு வாசலில் ஒட்ட வேண்டும். அமலுக்கு வருமுன் ஆட்சேபம் சொல்ல அவகாசம் வேண்டும். கமிட்டி அறிக்கைக்குச் சபையில் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். வில்லியனூர், பாகூர்த் தோழர்கள் தங்கள் மெம்பர் ஊருக்கு வரும்போது, மேஜை மேல் வைத்த விதிகளில் எதைப் படித்தீர் என்று மரியாதையாகக் கேட்கட்டும். ஒன்றையேனும் படித்ததாகச் சொல்வாரானால், அதில் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்கட்டும்.