வெள்ளைக்காரன் காலத்தில் களவே இல்லையாம்!

போன வாரம் பென்ஷன்தாரர்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேப்பரில் ஏதோ கையாடல் செய்தி. ஒரு நண்பர் பெருமூச்சு விட்டார்: "வெள்ளைக்காரன் இருந்தால் கஜானாவில் ஒரு காசு போயிருக்குமா சார்?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனை எல்லோருக்கும் தெரியும். 1815-இல் அவர் கோயம்புத்தூர் கலெக்டராக வந்தபோது முதலில் கையில் அகப்பட்டது கஜானா ஊழல்தான். அதற்கு முன் கேரோ என்ற கலெக்டர். அவர் காலத்தில் கஜானா காசிச் செட்டி என்பவர் கையில் இருந்தது. சர்க்கார் பணமும் போயிற்று, குடியானவனிடம் அநியாயமாகப் பிடுங்கியதும் போயிற்று. தாமஸ் மன்றோவும் சல்லிவனும் சேர்ந்து விசாரித்தார்கள். ஒரு நாளில் நடந்த களவு அல்ல அது, வருஷக்கணக்கில் நடந்தது. அத்தனை வருஷமும் மேலே ஒரு துரை உட்கார்ந்துதான் இருந்தார்!

மன்றோ ஒரு நியாயத்தைச் சொன்னார். கார்ன்வாலிஸ் காலத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குச் சம்பளத்தை உயர்த்தினார்கள், அவர்கள் கைநீட்டுவது குறைந்தது. நம்மவர்களுக்கு மட்டும் அரைவயிற்றுச் சம்பளம். பிறகு களவு நம்மவர் பிறவிக்குணம் என்று பேசினால் எப்படி?

ஆனால் அவர் கவர்னராக இருந்தபோது வந்த 1822-ஆம் வருஷத்து 9-வது ரெகுலேஷன் என்ன செய்தது? ரெவின்யூ சிப்பந்திகளின் கையாடலை விசாரிக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடமே கொடுத்தது. யார் மேற்பார்வையில் பணம் போயிற்றோ அவரே விசாரணை அதிகாரி!

அப்போது நம் கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. இங்கே கிஸ்தியைச் சர்க்காருக்குக் கட்டினார்கள். கல்வராயன் மலைக்காரர்கள் ஜாகீர்தார்களுக்குக் கட்டினார்கள், சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம். அந்தக் கணக்கை யார் போய்க் கேட்பது?

1855-இல் சென்னை ராஜதானியின் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலிக்கக் குடியானவன் விரலைக் கிட்டியில் வைத்து நெருக்கினார்கள், அண்ணாந்தாள் போட்டுக் குனிய வைத்தார்கள். லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ்கூட இதைப் பற்றி எழுதினார். கமிஷனோ பழியைக் கீழ்ச்சிப்பந்திகள் தலையில் வைத்துவிட்டு, துரைமார்களுக்குச் சம்மதம் இல்லை என்று முடித்தது.

இந்த வழக்கம் துரைமார்களோடு கப்பலேறவில்லை. நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் ரொக்கம் குறைந்தது. பணத்தை எடுத்தவர் சஸ்பெண்ட். அது சரிதான். ஆனால் தினமும் ரொக்கத்தை எண்ணாமலே நோட்டில் கையெழுத்துப் போட்ட அதிகாரி பிரமோஷனில் போனார். விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் எண்ணுவதில்லை என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, துரை நல்லவர் என்ற பாட்டை நிறுத்துங்கள். இனி எங்காவது பணம் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். எடுத்தவன் யார்? எண்ணாமல் கையெழுத்துப் போட்டவன் யார்? பறிகொடுத்தவனுக்குத் திரும்பக் கிடைத்ததா? முதல் கேள்வியோடு எழுந்து போகிற விசாரணை, விசாரணையே அல்ல.