சிறிய வாத்தியத்துக்கு எத்தனை பெரிய பெட்டி வேண்டும்?

கடந்த ஆண்டின் பிற்பகுதியில், கொழும்பில் மண்டபமொன்றில் நடைபெற்ற பாடசாலை இசை நிகழ்ச்சியில் என் மகள் யுகுலேலே வாசித்தாள். நான்கு நைலோன் நரம்புகளைக் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு வாத்தியத்தின் ஓசை எங்கள் வீட்டு முன்னறைக்கு நன்கு பழக்கமானது. அந்தி நேரத்தில் அவள் அதை மீட்டும்போது, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையை நிறுத்திவிட்டு நான் செவிமடுப்பதுண்டு. ஆனால் அன்று ஒலிபெருக்கியின் வழியே வந்தது அந்த ஓசையன்று. தகரப் பேணியை ஆணியால் சுரண்டுவது போன்ற ஒன்றே வந்தது. ஒலியமைப்பாளர் தாழ்சுருதியை ஏற்றினார். உடனே ஒலிபெருக்கிகள் ஊளையிடத் தொடங்கின. இறக்கினார், மறுபடியும் தகரப் பேணி. சபையோர் பொறுமையுடன் கைதட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில் மகள் ஒன்றை மட்டுமே சொன்னாள்: “அப்பா, அது என்ரை யுகுலேலே இல்லை. வேறை யாரோ வாசிச்ச மாதிரிக் கிடந்தது.” அதன்பின் மூன்று வாரங்கள் அந்த வாத்தியம் உறையிலிருந்து வெளியே வரவில்லை.

நான் கலைப்பட்டதாரி. மின்னியல் எனக்குத் தொலைவிலுள்ள துறை. ஆயினும் முப்பதாண்டுக்கால நிருபர் வேலை தந்த பழக்கமொன்று உண்டு: விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது. ஒலியமைப்பாளரிடம் கேட்டேன், இசைக்கருவிக் கடைகளில் கேட்டேன், ரொறொன்ரோவில் வாழும் இசைக்கலைஞரான நண்பரிடமும் கேட்டேன். “ப்ரீ-ஆம்ப் ஒன்று வாங்குங்கள்” என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். எதை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது என்பதில் ஒருவரோடொருவர் முற்றாக முரண்பட்டனர். அந்த முரண்பாட்டினூடாக நான் வந்தடைந்த முடிவையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அன்று மேடையில் நடந்தது என்னவென்று பார்ப்போம். 1879 ஓகஸ்ட் மாதத்தில், மதேராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்த்துக்கேயக் குடியேறிகள் ஹொனலூலு சென்றிறங்கினர். அவர்களோடு மச்சேட்டே என்ற சிறு நரம்பு வாத்தியமும் சென்றது. அவர்களுள் இருந்த தச்சர் மூவரின் கைகளில் அதிலிருந்து உருவானதே யுகுலேலே. (1505 இல் நமது கரையில் இறங்கிய போர்த்துக்கேயர் வழிவந்த இசையே நமது பைலாவிலும் ஒலிக்கிறது என்பதால், இவ்வாத்தியம் நமக்கு ஒருவகையில் தூரத்து உறவு.) அடுத்த ஆண்டிலேயே, 1880 இல், பிரான்ஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள், சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். இதுவே பியெஸோ விளைவு. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டும் இன்று ஒரே மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. மின்கிற்றாரின் காந்த பிக்கப் உருக்குக் கம்பியை மட்டுமே உணரும்; நைலோனை அது அறியாது. ஆகவே யுகுலேலேயின் நரம்புகள் ஏறி நிற்கும் சேடிலின் அடியிலோ, பலகையின் உட்புறத்திலோ பியெஸோ பிக்கப் ஒன்றையே பொருத்துகிறார்கள்.

இந்தப் பியெஸோ தரும் மின்சாரமோ மிகச் சொற்பம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஊற்றின் வேகத்துக்கு மேல் இறைத்தால் கிணறு வற்றிவிடும். ஒலிக்கலவைப் பலகையின் சாதாரண உள்ளீடு, அதாவது லைன் உள்ளீடு, 10 கிலோ ஓம் அளவான தடையையே கொண்டது. பியெஸோவைப் பொறுத்தவரை அது பெரிய இறைப்பு இயந்திரம். மெதுவாக அசையும் தாழ்ந்த சுரங்கள் அதில் வடிந்துபோகின்றன. விரைந்து அசையும் கூரிய ஓசைகள் மட்டும் வடிவதற்குள் தப்பி வருகின்றன. அன்று நாம் கேட்ட தகரப் பேணி அதுதான். ஒலியமைப்பாளர் மீதும் பிழையில்லை, வாத்தியத்தின் மீதும் பிழையில்லை. இடையில் இருக்கவேண்டிய ஒன்று இருக்கவில்லை.

அந்த ஒன்றே ப்ரீ-ஆம்ப், தமிழில் முன்பெருக்கி. பெயரைக் கண்டு ஓசையைப் பெரிதாக்குவதே அதன் வேலையென்று எண்ணலாகாது. பியெஸோவிடமிருந்து மிகக் குறைவாக இறைத்து, அதைக் கலவைப் பலகை தாங்கக்கூடிய வலுவுள்ள மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதே அதன் முதல் வேலை. எனவே பார்க்கவேண்டிய முதல் எண் அதன் உள்ளீட்டுத் தடை. விபரத்தாளில் ‘இன்புட் இம்பீடன்ஸ்’ எனக் குறிப்பிட்டிருப்பார்கள்.

கருத்துவேறுபாடு இங்குதான் தொடங்கியது. ரொறொன்ரோ நண்பர் 10 மெகா ஓம் இல்லாத எதையும் தொடவேண்டாம் என்றார். எல்.ஆர். பாக்ஸ் நிறுவனத்தின் பாரா டீ.ஐ. போன்ற புகழ்பெற்ற பெட்டிகள் அத்தகையவை. அதன் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் டொலரில் விலை குறிக்கப்படும் பொருளொன்றை 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கையில் வாங்குவது வேறு விடயம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிச் சென்றதை நாம் மறந்துவிடவில்லை. ஒரு பிள்ளையின் யுகுலேலேயை விடப் பன்மடங்கு விலையுள்ள பெட்டியை அதனோடு இணைக்கவேண்டுமென்றால், பல பெற்றோர் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: பிள்ளை மேடையேறாமல் இருக்கட்டும்.

ஆகவே கணக்கைப் பார்த்தேன். உள்ளீட்டுத் தடையை மெகா ஓமிலும், பிக்கப்பின் கொள்ளளவத்தை நனோ பரட்டிலும் எடுத்துப் பெருக்குங்கள். 159 ஐ அந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓசை வடியத் தொடங்குகிறது என்பது தெரியும். சேடிலுக்கு அடியில் வைக்கும் பிக்கப்பின் கொள்ளளவத்தை 1 நனோ பரட் எனக் கொள்வோம். 10 கிலோ ஓம் உள்ளீட்டில் இந்த எல்லை ஏறத்தாழ 16,000 ஹேர்ட்ஸ். இசை முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. 1 மெகா ஓமில் 159 ஹேர்ட்ஸ். 10 மெகா ஓமில் 16 ஹேர்ட்ஸ்.

இனி வாத்தியத்தைப் பாருங்கள். கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 82 ஹேர்ட்ஸ். அதற்கு 1 மெகா ஓம் போதாது. ஏறத்தாழ 7 டெசிபல் இழப்பு ஏற்படும். நண்பரின் அறிவுரை கிற்றாருக்குச் சரியானது. வழமையான முறையில் சுருதி சேர்த்த யுகுலேலேயின் ஆகத் தாழ்ந்த சுரமோ 262 ஹேர்ட்ஸ். நான்காம் நரம்பைத் தாழ்ந்த சுருதியில் வைத்தாலும் 196 ஹேர்ட்ஸ். 262 ஹேர்ட்ஸில் 1 மெகா ஓம் தரும் இழப்பு ஒன்றரை டெசிபலுக்கும் குறைவு. மண்டபத்தில் அமர்ந்திருப்போர் அதை உணரப்போவதில்லை. பிக்கப்பின் கொள்ளளவம் இதிற் பாதியாக இருந்தால் 2 அல்லது 3 மெகா ஓம் நல்லது. அதற்கு மேல் நாம் கொடுக்கும் பணம், நம் வாத்தியத்தில் இல்லாத சுரங்களுக்காகக் கொடுக்கும் பணம். மலிவுவிலை முன்பெருக்கிகள் எல்லாமே வீண் என்ற கருத்தை இதனாலேயே நான் ஏற்கவில்லை. அந்தக் கருத்து கிற்றாரிலிருந்து இரவல் வாங்கப்பட்டது.

மறுதரப்பின் வாதமும் உண்டு. “மண்டபத்தில் டீ.ஐ. பெட்டி இருக்கும், அது போதும்” என்றார் கடைக்காரர் ஒருவர். இதுவும் தவறு. மின்கலம் இல்லாத டீ.ஐ. பெட்டிகள் பலவற்றின் உள்ளீட்டுத் தடை 140 கிலோ ஓம் அளவே. மேற்சொன்ன கணக்கின்படி 1,100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடிந்துவிடும். தகரப் பேணி சற்றே பெரிய பேணியாகும், அவ்வளவுதான். ஒன்றும் வாங்காமலிருப்பதும் சிக்கனமாகாது.

அப்படியானால் குறைந்த விலைப் பெட்டியில் எவற்றை எதிர்பார்க்க வேண்டும்? என் பட்டியல் சிறியது. ஆகக் குறைந்தது 1 மெகா ஓம் உள்ளீடு. தாழ்சுருதியைக் குறைக்கும் குமிழ். யுகுலேலேக்குக் கீழ்ச்சுரங்கள் இல்லையாதலால், அப்பகுதியைத் துணிந்து இறக்கிவிடலாம். மேடைப் பலகையின் அதிர்வும் கை தட்டுப்படும் ஓசையும் அதனோடு போய்விடும். தாழ்ந்த ஊளையும் அடங்கும். அடுத்து, நடுச்சுருதிக்கெனத் தனிக் குமிழ்; பியெஸோவுக்கே உரிய அந்த வாத்துக் குரலை அடக்க இது வேண்டும். கட்டத்தை மாற்றும் ‘ஃபேஸ்’ பொத்தானும் இருந்தால் நல்லது. ஊளையை நிறுத்த அதை ஒருமுறை அழுத்துவதே சிலவேளை போதும். எதிரொலி, சுருதிமானி, வர்ண விளக்குகள் ஆகியவற்றுக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. சுருதிமானி கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. வாத்தியத்தின் பக்கவாட்டிலோ உள்ளேயோ பற்றரி வைக்கும் இடம் இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் முன்பெருக்கி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இன்னொன்று அவசியமில்லை. அத்தகைய வாத்தியத்துக்குக் கடைக்காரர் சொன்ன டீ.ஐ. பெட்டியே போதும். இரண்டாவது, மேளங்களோ ஓர்கனோ இல்லாத சிறிய மண்டபத்தில் தனியாக வாசிப்பதாயின், ஒரு சாண் தூரத்தில் நல்ல ஒலிவாங்கியொன்றை வைப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. அது மரத்தின் ஓசையையே எடுக்கும். முன்பெருக்கி தேவைப்படுவது, கூட்டிசையிலும் பெருமண்டபத்திலும் சிறிய வாத்தியம் அமிழ்ந்துபோகும்போதுதான்.

வாங்கும்போது பிள்ளையையும் வாத்தியத்தையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடையிலுள்ள கிற்றாரை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. மூன்றாம் நரம்பை, அதாவது ஆகத் தடித்த நரம்பை, பெட்டி இல்லாமலும் பெட்டியுடனும் மீட்டிப் பாருங்கள். அந்த ஒரு நரம்பு முழுமையாகக் கேட்டால் மற்ற மூன்றும் தாமாகக் கேட்கும். வாத்தியத்துக்கும் பெட்டிக்கும் இடையிலான வயர் குட்டையாக இருக்கட்டும். நீண்ட வயர் பியெஸோவின் சொற்ப வலுவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பெட்டியிலிருந்து பலகைக்குச் செல்லும் வயர் எவ்வளவு நீண்டாலும் பெரிய பாதகமில்லை.

நாங்கள் கடைசியில் வாங்கியது பெயர்போன பெட்டியன்று. மூன்று குமிழ்களும் ஒரு 9 வோல்ட் பற்றரியும் கொண்ட சாதாரணப் பெட்டி. எஞ்சிய பணத்தில் நல்ல வயரொன்றும் மேலதிகப் பற்றரியொன்றும் வாங்கினோம். இவ்வாண்டு அதே மண்டபத்தில், பின்வரிசைக்கு முந்திய வரிசையில் அமர்ந்திருந்தேன். உலகத் தரமான ஓசை அதுவென்று சொல்லமாட்டேன். நுண்மையாகக் கேட்பவர் குறை காண்பார். ஆனால் மூன்றாம் நரம்பு என் இருக்கைவரை வந்தது. அது எங்கள் முன்னறையின் ஓசை.

நிகழ்ச்சி முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று வினவினேன். “என்ரைதான்” என்றாள்.