நம் கையிலும் ஒரு கயிறா?

தென்மாவட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு பையன் என்ன சாதி என்று தெரிந்துகொள்ள வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை. மணிக்கட்டைப் பார்த்தால் போதும். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிற்றுக்கு ஒரு நிறம். நிறத்துக்கு ஒரு சாதி. யார் பக்கத்தில் உட்காருவது, யாரைக் கபடிக்குச் சேர்ப்பது, சண்டை வந்தால் யாரைக் கூப்பிடுவது எல்லாவற்றையும் அந்த ஒரு சாண் நூல் தீர்மானிக்கிறது.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2019இல் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். கயிறு கையிலேயே தங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியது கூலிப்படை அல்ல, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு என்று சாதியைக் காட்டும் எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது, பள்ளியின் பெயரிலேயே சாதி இருக்கக்கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். அடுத்த வருடமே, 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் போன தலித் மாணவன் ஒருவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் வீட்டார்.

இந்தத் தலையங்கம் அரிவாள் எடுத்த பையன்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்கு 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதை ஏட்டிலிருந்து இறக்கி நடைமுறைக்குக் கொண்டுவரும் போராட்டமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே நாம் பேச வந்தது நம் பையன்களின் மணிக்கட்டைப் பற்றி.

நம்ம புள்ளைங்க கையிலும் கயிறு ஏறிக்கொண்டிருக்கிறது. பைக்கின் நம்பர் பிளேட்டில், பனியனில், ஸ்டேட்டஸில், கல்யாண பேனரில் நம்முடைய உட்சாதிப் பெயரும் சிங்கம் புலியோடு உறுமத் தொடங்கியிருக்கிறது. “நாங்களும் ஆண்ட பரம்பரைதான்” என்று ஒரு வசனம் வேறு. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “அவன் கட்டுறான்ல? அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க? நாங்க கட்டினா மட்டும் என்னாத்துக்கு வந்து புத்தி சொல்றீங்க?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்வோம். வெட்ட வருகிறவன் கட்டுகிற கயிறும், வெட்டுப்பட்ட பயத்தில் நாலு பேர் துணை வேண்டுமே என்று கட்டுகிற கயிறும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைத்து “மாணவர்களிடையே மோதல்” என்று எழுதுகிற பத்திரிகைக்காரனின் நடுநிலை நமக்கு வேண்டாம். தனியாகப் போனால் அடி விழும் என்று தெரிந்த பையன் கூட்டம் சேர்ப்பது தற்காப்பு. அதைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் தோழர்களே, கயிறு தற்காப்போடு நிற்பதில்லை. அது ஒரு பாடமும் நடத்துகிறது. நம்மாளு செய்தால் சரி, அடுத்தவன் செய்தால் தப்பு. நம்மாளுக்கு விழுந்த அடி மட்டும் அடி, மற்றவனுக்கு விழுந்தது வேடிக்கை. இந்தப் பாடத்தை நாம் கண்டுபிடிக்கவில்லை. சாதி இந்துவின் பழைய பாடம் இது. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் இதைத்தான் தோலுரித்துக் காட்டினார். சாதி மனிதனின் பொது உணர்வைக் கொன்றுவிடுகிறது. அவனது இரக்கம், கடமை, விசுவாசம் எல்லாம் சாதி எல்லையோடு முடிந்துபோகின்றன. நல்லவன் கெட்டவன் என்று பார்க்காமல் தன் சாதிக்காரனா என்று மட்டும் பார்க்கிறான் என்றார். அந்த வியாதியின் பெயர்தான் சாதி. வியாதியை எதிர்த்துப் போராடுகிறவன் அதையே தன் கையில் கட்டிக்கொள்ள முடியுமா?

அறம், ஒழுக்கம் என்ற பேச்சை எடுத்தாலே நம்மில் பலருக்கு எரிச்சல் வரும். வரவேண்டியதுதான். மனு சொன்னதற்கும் பெயர் தர்மம். வள்ளுவருக்கு உரை எழுத வந்த பரிமேலழகர், ஒழுக்கம் என்றால் அவரவர் வருணத்துக்கு விதித்தபடி நடப்பது என்றே எழுதிவைத்தார். சேரிக்காரனுக்கு ஒழுக்கம் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த ஒழுக்கத்தை நெருப்பில் போடத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் எரித்தவர்கள் சாம்பலோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதற்கும் முன்பே அயோத்திதாசர் அதே குறளைப் பௌத்த நூலாக, திரிக்குறளாக வாசித்துக் காட்டினார். அம்பேத்கர் 1956இல் லட்சக்கணக்கான மக்களோடு பஞ்சசீலம் ஏற்றார். மேலேயிருந்து விதிக்கப்படும் ஒழுக்கத்தைத் தூக்கி எறிந்தவர்கள், மனிதனும் மனிதனும் சமமாக நின்று ஏற்றுக்கொள்ளும் ஒழுக்கத்தைத் தேடினார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஒழுக்கம். அதற்கு அம்பேத்கர் வைத்த பெயர் சகோதரத்துவம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போதும் சுதந்திரம், சமத்துவம் இரண்டோடும் அதைப் பிரிக்க முடியாமல் சேர்த்துவைத்தார்.

நம்மிடம் அந்தச் சகோதரத்துவம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே இருப்பவனை நாம் எப்படி எதிர்க்கிறோம் என்பதை வைத்து அல்ல. அதில் நமக்கு நூறு மார்க். நமக்குக் கீழே என்று சாதி வைத்திருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதி வெறும் ஏற்றத்தாழ்வு அல்ல, படிப்படியாக அமைந்த ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருத்தனைக் கீழே கொடுத்திருப்பதால்தான் இந்த அமைப்பு இன்னும் விழாமல் நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கணக்கு எப்படிப் போட்டார்கள், நிரப்பாத இடம் யாருக்குப் போகிறது என்று கேட்கலாம், வழக்கும் நடத்தலாம். அது ஜனநாயகம். ஆனால் அந்தச் சமயத்தில் நம் இளைஞர்கள் சிலர் அருந்ததிய மக்களைப் பற்றி எழுதிய வார்த்தைகள் இருக்கின்றனவே, அவை ஊர்த்தெருவில் நம்மைப் பார்த்துச் சொல்லப்படும் அதே வார்த்தைகள். எழுத்துக்கூட மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக மலம் அள்ள வைக்கப்பட்ட ஒரு சனம், 1993லும் 2013லும் சட்டம் போட்ட பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிற சனம், மூன்று இடம் கேட்டால் நமக்கு ஏன் நாக்கு இப்படி நீளுகிறது?

இன்னொரு படி கீழே இறங்கிப் பார்ப்போம். புதிரை வண்ணார். நம் துணியை வெளுத்து, நம் சாவுக்கும் வாழ்வுக்கும் ஊழியம் செய்து, நம் வீட்டுச் சோற்றை ராச்சோறாக வாங்கிப்போன மக்கள். சேரிக்கு ஒரு சேரி உண்டு என்பதை 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவல் எழுதிக் காட்டியது. நம் முன்னவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. நம் அழுக்கை நடுத்தெருவில் போட்டுக் காட்டலாமா என்றார்கள். போடத்தான் வேண்டும். அழுக்கை வெளுக்கிறவளுக்கு மட்டும்தான் அது தெரிய வேண்டும் என்று எந்த நியாயத்தில் இருக்கிறது?

அடுத்து நம் வீட்டுப் பெண்கள். 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலை சங்கர் என்று பெயர் சொல்லிச் சொல்லி நம் தொண்டை வறண்டுபோயிருக்கிறது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டு ஊர்வலம் போகிறோம். சரியான கோரிக்கை. ஆனால் ஊர்வலத்தில் கோஷம் போட்ட தம்பி வீட்டுக்கு வந்து தங்கச்சியின் போனைப் பிடுங்கிப் பார்க்கிறான். அக்கா வேறு உட்சாதிப் பையனைக் கட்டப்போகிறேன் என்றால் நம் தெருவிலும் கூட்டம் கூடுகிறது. “நாலு பேர் என்ன பேசுவான்” என்ற அதே பேச்சு. சொந்த வீட்டுப் பெண்ணின் மனசுக்கு மரியாதை இல்லாதவன் மேடையில் பேசுகிற சுயமரியாதை யாருக்கு?

கயிறு கட்டாத, பைக்கில் கத்தாத, நல்லபிள்ளைகளான படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எங்களுக்கும் சேர்த்துத்தான். 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மனம் உடைந்து சொன்னார். படித்து முடித்தால் சமூகத்துக்கு ஊழியம் செய்வார்கள் என்று நம்பினேன், வயிற்றை வளர்க்கும் குமாஸ்தாக் கூட்டத்தைத்தான் காண்கிறேன் என்பது அந்தப் பேச்சின் சாரம். குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கிற இடம். வங்கிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் தெரியும். செலான் எழுதத் தெரியாமல் கையில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிற கிழவிகள் யார் தெருவிலிருந்து வருகிறார்கள்? கல்விக் கடன் பாரம் என்றதும் தகப்பன் முகம் பார்த்து நிற்கிற முதல் தலைமுறைப் பையன் யார் வீட்டுப் பிள்ளை? நாம் இடஒதுக்கீட்டில் ஏறி வந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம். கீழே ஒருத்தன் ஏறும்போது பிடித்துக்கொண்டோமா என்பதல்லவா கேள்வி?

வேலை கிடைத்ததும் டவுனில் வீடு. பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர் போய்விடுகிறது. சொந்தக்காரன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படாமல் அனுப்பிவிடுகிறோம். சேரியை விட்டு வெளியேறுவது தப்பில்லை. அந்தச் சிறையில் யாரையும் இருக்கச் சொல்லமாட்டோம். ஆனால் கயிறு கட்டும் தம்பிக்கும் கையைக் கழுவிக்கொண்ட அண்ணனுக்கும் இடையில் உள்ள தொடர்பைப் பாருங்கள். படித்த அண்ணன் தெருவுக்கு வராமல் போன இடத்தில்தான் கயிறு விற்கிறவன் வந்து உட்கார்ந்தான். புஸ்தகம் கொடுக்க ஆளில்லாத பையனுக்கு எவனோ ஒருத்தன் பேனர் கொடுத்தான். உறவு தேடிய பிள்ளைக்குக் கிடைத்தது கயிறு.

உறவு என்பதைக் கட்டிக் காட்டியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அம்பேத்கர், அடுத்த வருடமே சோலாப்பூரில் நம் மாணவர்களுக்கு ஒரு விடுதி திறந்தார். முதல் வேலையாக அவர் கட்டியது சிலை அல்ல. பிள்ளைகள் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து படிக்க ஒரு கூரை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கிய நாம்தேவ் தசாலும், ராஜா தாலேயும், ஜே.வி. பவாரும் இளைஞர்கள், எழுதுகிறவர்கள். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போய் நிற்பதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அந்த இயக்கம் உடைந்தது. ஆனால் ‘தலித்’ என்ற சொல்லுக்குள் உட்சாதிப் பெயர்கள் கரைய வேண்டும் என்ற கனவு அவர்களோடு உடையவில்லை. அந்தச் சொல்லை நம் இதழ்கள் ஏந்தி வந்ததும் அதற்காகத்தான்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை.

உங்கள் தெருவில் சாயங்காலம் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்துங்கள். அருந்ததியர் தெருப் பிள்ளையும் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளையும் வந்து முன்வரிசையில் உட்காரும் வகுப்பாக அது இருக்கட்டும். அவர்கள் வரவில்லை என்றால் வகுப்பை அவர்கள் தெருவுக்கு மாற்றுங்கள். விடுதியில் தட்டு, பாய், குளியலறை எதிலும் உட்சாதி பார்க்கிறவன் நம் பையனாக இருந்தால், வார்டன் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், கல்விக் கடன் என்று அலையும் பிள்ளையோடு ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள். உங்கள் கூட்டத்தில் பெண்கள் டீ போட அல்ல, தீர்மானம் போட உட்காரட்டும். நம்மாளு ஒருத்தன் ஒரு பெண்ணிடமோ, நம்மைவிட எளியவரிடமோ தப்பாக நடந்தால் “நம்மாளு விடுப்பா” என்று மூடி மறைக்காதீர்கள். அந்த இடத்தில் பேசுவதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும். எதிரியைத் திட்டுவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

அடி விழும் இடத்தில் துணைக்கு ஆள் வேண்டாமா என்று தம்பி மறுபடியும் கேட்பான். வேண்டும்தான். ஆனால் ஒரே நிறக் கயிறு கட்டிய நாற்பது பேரைவிட, தெருவுக்குத் தெரு நம்மிடம் படித்த, நாம் மரியாதையாக நடத்திய, நமக்காக வந்து நிற்கிற நானூறு வீடுகள் பெரிய துணை. ஒரு நிறம் கட்டினால் மற்ற தலித்துகளே நமக்கு அந்நியர் ஆகிவிடுவார்கள். அப்புறம் ஊர் நம்மைத் தனித்தனியாக அடிப்பதற்கு நாமே கோடு போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கயிற்றை அறுக்கச் சொல்லி உத்தரவு போட இந்த இதழுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் செய்து அறுத்தால் அது வேறு இடத்தில் முளைக்கும். நம் தம்பி தானாகவே அதை அவிழ்த்து வைக்கிற மாதிரி ஒரு தோள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தோளைக் கொடுக்கிற பொறுப்பு, இதை வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

ஜெய்பீம்.

ஆசிரியர்