கேரியின் சினமும் ஆய்வாளரின் அச்சமும்

திகில் கதையில் பழிவாங்கும் பெண்ணைக் கண்டதும் உளப்பகுப்பாய்வாளர் எழுப்பும் முதற்கேள்வி, 'இவளைக் கண்டு ஆண் ஏன் அஞ்சுகிறான்?' என்பதே. இவளுக்குத் தீங்கிழைத்தவர் யார் என்ற வினா பின்னுக்குப் போய்விடுகிறது. இந்த வரிசை தவறு என்பதே என் வாதம்.

ஸ்டீபன் கிங் 1974இல் வெளியிட்ட முதல் நாவலான 'கேரி'யை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் குளியலறையில் கேரிக்கு முதல் மாதவிடாய் வருகிறது. அது இன்னதென்றே அறியாத அவள், சாகப்போகிறோம் என்றெண்ணிக் கதறுகிறாள். உடன் பயிலும் பெண்களோ பஞ்சுகளை அவள்மேல் எறிந்து நகைக்கின்றனர். தாய் அதனைப் பாவத்தின் அடையாளம் என்று சொல்லி, அவளைச் சிற்றறையில் அடைத்துச் செபிக்கச் செய்கிறாள். பின்னர் நடன விழா மேடையில் அவள்மீது பன்றி இரத்தம் கொட்டப்படுகிறது. தொடாமலே பொருள்களை அசைக்கும் அவளது ஆற்றல் ஊரையே அழிக்கிறது.

மெதூசாவின் தலையில் ஆண்மையிழப்பு அச்சத்தைக் கண்டவர் ஃபிராய்டு. 1993இல் பார்பரா க்ரீட் அதனைப் புரட்டிப்போட்டார்: ஆண் அஞ்சுவது குறைபட்ட பெண்ணை அன்று, தன்னைக் குறைபடுத்தவல்ல பெண்ணை என்றார். பிரையன் டி பால்மா 1976இல் எடுத்த 'கேரி' திரைப்படத்தையும் அவர் விளக்கினார். மாதவிடாய்க் குருதியையும் பன்றி இரத்தத்தையும் அவர் இணைத்துக் காண்பது கூர்மையானதே. ஆயினும் அவர் பேசும் அச்சம் பார்வையாளனுடையது. கேரியின் சினம் அந்த அச்சம் விழும் திரையாகிவிடுகிறது.

இதனை நாவலே முன்னறிந்திருந்தது போலும்! அழிவுக்குப் பின் விசாரணைக் குழு அமர்கிறது. ஆய்வு நூல்கள் வெளிவருகின்றன. அவ்வாற்றல் மரபுவழி வந்ததா என்றெல்லாம் கற்பனை அறிஞர் துருவுகின்றனர். குளியலறையில் நடந்த கொடுமை அவர்களுக்கு ஒரு முன்குறிப்பு. நம் கோட்பாட்டாளரும் அந்தக் குழுவில் இடம்பிடித்துவிட்டனர்.

கேரியால் மாண்டவருள் குற்றமற்றோர் பலர். அவள் செயலை யான் நியாயப்படுத்தவில்லை. தாயின் வெறியைச் சுட்டி, இது சமயப்பகை நூல் என ஒதுக்குவோரும் சற்றே பொறுக்கட்டும். மகளிடம் அவள் உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருக்க, வெறி வேண்டியதில்லை, கூச்சமே போதும்.

பள்ளி நாள்களில் ஏளனத்துக்கு ஆளான இரு மாணவியரை மனத்திற்கொண்டே கேரியைப் படைத்ததாக, 2000இல் வெளிவந்த எழுத்துக்கலை நூலில் கிங் கூறுகிறார். நாவலை எழுதத் தொடங்கும் முன்பே அவ்விருவரும் இறந்துவிட்டிருந்தனர்.